'சரி, பார்த்துக்கலாம்' என்றால் யார் பார்ப்பது? வேலையிடத்தில் தெளிவாகக் கேட்கவும், ஒப்புக்கொண்டதைக் காப்பாற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு ஒரு திட்டத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. கூட்டம் முடிகிற நேரத்தில், "அந்த அறிக்கை திங்கட்கிழமைக்குள்ள வாடிக்கையாளருக்குப் போயிடணும்" என்றேன். மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் தலையசைத்தார்கள். இரண்டு பேர் "சரி" என்றும் சொன்னார்கள். திங்கட்கிழமை மாலை வாடிக்கையாளரிடமிருந்து போன்: அறிக்கை எங்கே?

யாரும் அனுப்பவில்லை. கோபத்தோடு ஒவ்வொருவரிடமும் கேட்டேன். வடிவமைத்தவர், எழுதியவர் அனுப்புவார் என்று இருந்துவிட்டார். எழுதியவர், நான்தான் அனுப்பப் போகிறேன் என்று நினைத்திருந்தார். அன்று இரவு கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "அறிக்கை திங்கள் அன்று அனுப்பப்பட வேண்டும்" என்று இருந்தது. யார் அனுப்ப வேண்டும் என்று அதில் இல்லை. நான் வாயால் சொன்னதிலும் இல்லை. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட வாக்குத் தவறவில்லை. அவர்களில் யாரிடமும் நான் எதையும் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து இதைக் கவனித்து வருகிறேன். "சொன்னார், செய்யவில்லை" என்று நாம் வருத்தப்படுகிற பல இடங்களில், திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒருவர் கேட்டதும் இல்லை, இன்னொருவர் ஒப்புக்கொண்டதும் இல்லை. இரண்டும் நடந்தது போன்ற ஒரு தோற்றம் மட்டும் இருக்கும். அதனால் உறவு கெடுகிறது, வேலையும் கெடுகிறது. கேட்பதில் தொடங்கி, முடிந்ததை ஏற்றுக்கொள்வது வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், நம் வாக்கியங்களில் ஆள் எங்கே போகிறார்?

தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நன்றாக நிற்கும். வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். "அனுப்புகிறேன்" என்றால் நான். "அனுப்புவார்" என்றால் அவர். ஆனால் "அனுப்பலாம்", "அனுப்ப வேண்டும்" என்ற வடிவங்களில் அந்த விகுதி கிடையாது. எழுவாயையும் விட்டுவிட்டால், செய்கிற ஆள் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார்.

அலுவலகப் பேச்சு முழுக்க இந்த வடிவங்கள்தான். "முடிச்சிடலாம்." "பார்த்துக்கலாம்." "கிளையன்ட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்." எழுத்தில் வந்தால் "சரிபார்க்கப்பட வேண்டும்". கேட்பதற்கு இதமாக இருக்கும், யாரையும் சுட்டாது. அதனால்தான் நமக்குப் பிடிக்கிறது. அதனால்தான் வேலை நடுவழியில் நின்றும் போகிறது.

ஒரு சின்னப் பழக்கம் போதும். கூட்டத்தில் "-லாம்", "-ணும்" என்று ஒரு வாக்கியம் முடிந்தால், மென்மையாக, "சரி, இதை யார் செய்கிறோம்?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் "நான் அனுப்புகிறேன்" என்று சொல்லும்வரை அது ஒரு விருப்பம்தான். "-ஏன்" என்ற அந்த விகுதி வந்த பிறகுதான் அதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், சில வாக்கியங்கள் எதையும் விவரிப்பதில்லை, சொல்லும்போதே ஒரு செயலைச் செய்துவிடுகின்றன என்று விளக்கினார். "வாக்குக் கொடுக்கிறேன்" என்பது அப்படிப்பட்ட வாக்கியம். அதைச் சொல்வதுதான் வாக்குக் கொடுப்பது. வேலையிடத்தில் கேட்பதும் ஒப்புக்கொள்வதும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றை வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டு, கவனமாகச் செய்ய வேண்டும்.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

குழப்பம் பெரும்பாலும் கேட்கிறவர் மனதிலேயே தொடங்குகிறது. "இந்த ஸ்லைடெல்லாம் கொஞ்சம் சரியில்லை, பாருங்க" என்று அனுப்புகிறோம். எது சரியில்லை, பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே இன்னும் யோசித்திருக்க மாட்டோம். யோசிக்கிற வேலையையும் சேர்த்து அடுத்தவர் தலையில் வைத்துவிடுகிறோம்.

கேட்பதற்கு முன் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: இந்த வேலை முடிந்தால் என் கையில் என்ன இருக்கும்? எழுத முடியவில்லை என்றால் தவறில்லை. அப்போது உங்களுக்குத் தேவை சேர்ந்து யோசிக்க ஒருவர். அதையே கேளுங்கள்: "எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. இன்று 4 மணிக்கு 15 நிமிடம் என்னோடு உட்கார முடியுமா?"

அப்புறம், நீங்கள் சொல்லப்போவது எந்த வகை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். "பில்லிங் சிஸ்டம் ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்பது தகவலாக இருக்கலாம், ஆதங்கமாக இருக்கலாம், சரிசெய்யச் சொல்லும் கோரிக்கையாகவும் இருக்கலாம். எதிரில் இருப்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். கோரிக்கைதான் என்றால் கோரிக்கையாகவே சொல்லிவிடுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் "முடியாது" என்று சொல்ல இடம் இருந்தால்தான் அது கோரிக்கை. இல்லையென்றால் உத்தரவு. உத்தரவு போட வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. அப்போது, "இது கட்டாயம், இதில் மாற்ற முடிவது நேரம் மட்டும்தான்" என்று நேராகச் சொல்வது நேர்மை. "முடிஞ்சா பாருங்களேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, முடியாது என்றதும் முகம் சுளித்தால், அடுத்த முறை அந்த ஊழியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அதிலிருந்து அவருடைய "சரி"க்கு மதிப்பு இருக்காது.

படி 2: கோரிக்கைக்கு வேண்டிய உறுப்புகளைச் சேருங்கள்

நான்கு இருந்தால் போதும்: யாரிடம், என்ன, எப்போது, எதற்கு. நான்கும் ஒரே அளவு கஷ்டமானவை இல்லை.

*யாரிடம்* என்பதை ஏற்கெனவே பார்த்தோம். ஆனாலும் குழு மெசேஜ்களில் அது மறுபடி மறுபடி தவறும். 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு திடீரென்று வலிப்பு வருவது போன்ற சூழலை உருவாக்கினார்கள். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தப் பேச்சு முடிவதற்குள்ளேயே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். ஓர் உயிர் ஆபத்தில் இருப்பதாகத் தோன்றும்போதே இப்படி என்றால், "யாராவது இந்த எக்ஸெல் ஷீட்டைச் சரிபார்த்துடுங்க" என்ற மெசேஜுக்குப் பதில் வராததில் வியப்பில்லை. ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். இருவர் சேர்ந்து செய்கிற வேலையானாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவராக இருக்கட்டும்.

*என்ன* என்பதுதான் கடினமானது. நம் மனதில் படம் முழுமையாக இருப்பதால், வார்த்தையிலும் அது முழுமையாக வந்துவிட்டதாகத் தோன்றும். 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் தன் ஆய்வுக்காக, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் தட்டச் சொல்லி, எதிரில் இருப்பவரைப் பாடலைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எண்ணினார்கள். 120-இல் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மனதுக்குள் பாடல் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் காதில் விழுவது டொக் டொக் மட்டும்தான்.

"விற்பனை அறிக்கை ஒன்று தயார் பண்ணுங்க" என்பதும் அந்த டொக் டொக்தான். எத்தனை பக்கம், எந்த மாதங்கள், யார் படிக்கப் போகிறார்கள், வரைபடம் வேண்டுமா, எண்கள் எங்கிருந்து? எல்லாவற்றையும் அடுக்க வேண்டியதில்லை. "எதைப் பார்த்தால் இது முடிந்தது என்று நான் சொல்வேன்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். பழைய மாதிரி ஒன்று இருந்தால் இணைத்துவிடுங்கள், பாதி விளக்கம் மிச்சமாகும். எது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்: "வடிவமைப்பு தேவையில்லை, எண்கள் சரியாக இருந்தால் போதும்." இந்த ஒரு வரி பலருடைய மாலை நேரத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

*எப்போது* என்பதற்கு நாளும் மணியும். "சீக்கிரம்", "இந்த வாரத்துக்குள்", "நேரம் கிடைக்கும்போது" எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் பொருள்படும். வேறு நாட்டில் இருப்பவரோடு வேலை செய்தால், யாருடைய மணி என்பதையும் எழுதுங்கள். பொய்யான கெடு வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை தேவைப்படுவதை "புதன்கிழமைக்குள் கட்டாயம்" என்று இரண்டு முறை கேட்டால், மூன்றாவது முறை நீங்கள் சொல்லும் நிஜமான புதன்கிழமையையும் யாரும் நம்ப மாட்டார்கள். காரணத்தோடு சொன்னால் போதும்: "வியாழன் 11 மணிக்கு இயக்குநரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன் நான் படித்துத் திருத்த வேண்டும். அதனால் புதன் மாலை 4 மணி."

*எதற்கு* என்பதைச் சுமை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரிந்தவர், நீங்கள் சொல்ல மறந்ததையும் சேர்த்துச் செய்வார். சூழ்நிலை மாறும்போது, "இனி இது தேவையா?" என்று அவரே வந்து கேட்பார்.

நான்கும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? முன்பு: "கஸ்டமர் புகார் விஷயம் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." இப்போது: "கடந்த மூன்று மாதப் புகார்களில் அதிகம் வந்த ஐந்து வகைகளை, எண்ணிக்கையோடு ஒரே பக்கத்தில் தர முடியுமா? வெள்ளி காலை 10 மணிக்குள் வேண்டும். அன்று மதியம் நடக்கும் கூட்டத்தில், எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கப் போகிறோம். தீர்வு எதுவும் எழுத வேண்டாம். இந்த நேரம் உங்களுக்குச் சரிவருமா?"

படி 3: தயங்காமல் கேளுங்கள்

எழுதி வைத்துக்கொண்டும் கேட்காமல் விடுகிறவர்கள் உண்டு. தொந்தரவாக நினைப்பார்களோ, மறுத்துவிடுவார்களோ என்ற பயம். ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கச் சொன்னார்கள். ஐந்து பேர் சம்மதிக்க ஏறக்குறைய 20 பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று பங்கேற்றவர்கள் கணித்தார்கள். உண்மையில் சுமார் 10 பேரிடம் கேட்டாலே போதுமாக இருந்தது. நாம் நினைப்பதைவிட மனிதர்கள் அதிகமாகவே சம்மதிக்கிறார்கள்.

தயக்கம் வார்த்தையில் புகும்போதுதான் ஆபத்து. 1990 ஜனவரி 25 அன்று போகோடாவிலிருந்து வந்த ஏவியான்கா 52 விமானம் நியூயார்க் வானில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் 'முன்னுரிமை' கேட்டார்கள், எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார்கள். ஆனால் கட்டுப்பாட்டு அறையை உடனே செயல்பட வைக்கும் 'அவசரநிலை' என்ற சொல்லை ஒருமுறைகூட அறிவிக்கவில்லை. விமானம் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தங்கள் நிலைமையைச் சொல்லிவிட்டோம் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். எதிர்முனையில் அது அப்படி விழவில்லை.

"கொஞ்சம்", "முடிஞ்சா", "தொந்தரவு இல்லைன்னா" என்ற சொற்களை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. அவை நம் பேச்சின் இயல்பான மரியாதை. மரியாதை குரலிலும் தொடக்கத்திலும் இருக்கட்டும். வேலையின் அளவையும் நேரத்தையும் அது மங்கலாக்க விடாதீர்கள். "சார், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? நாளை மதியம் 12 மணிக்குள் உங்கள் முடிவு தெரிந்தால்தான் ஆர்டர் போட முடியும்." இதில் பணிவும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது.

மேலே இருப்பவரிடம் கேட்கும்போது, அவர் செய்ய வேண்டியதைச் சிறிதாக்கிக் கொடுங்கள். நீண்ட மெயிலின் கடைசிப் பத்தியில் கோரிக்கையை ஒளித்து வைக்காமல், முதல் வரியிலேயே "உங்களிடமிருந்து ஒரு முடிவு தேவை" என்று தொடங்குங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: பதில் உண்மையிலேயே பதிலா என்று பாருங்கள்

கோரிக்கைக்கு நேர்மையான பதில்கள் நான்குதான். "செய்கிறேன்." "என்னால் முடியாது." "இப்படிச் செய்ய முடியாது, ஆனால் இப்படி முடியும்." "இப்போது சொல்லத் தெரியவில்லை, மாலை 5 மணிக்குள் சொல்கிறேன்." கடைசியில் உள்ளதும் ஒரு வாக்குதான், பதில் சொல்வதற்கான வாக்கு.

நமக்கு அதிகம் கிடைப்பது இந்த நான்கிலும் சேராத "சரி". அது "காதில் விழுந்தது" என்பதாக இருக்கலாம், "நீங்கள் சொல்வது நியாயம்" என்பதாக இருக்கலாம், "இப்போதைக்குப் பேச்சை முடியுங்கள்" என்பதாகவும் இருக்கலாம். "பார்க்கிறேன்", "ட்ரை பண்றேன்" என்பவை பெரும்பாலும் மரியாதையான மறுப்பு.

ஏவியான்கா விபத்துக்குப் பதின்மூன்று வருடம் முன்பு நடந்த இன்னொரு விபத்தும் ஞாபகத்துக்கு வருகிறது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃபே தீவு. பனிமூட்டத்தில் கே.எல்.எம். விமானத்தின் துணை விமானி, புறப்படும் நிலையில் இருப்பதாகத் தெளிவில்லாத ஒரு வாக்கியத்தில் சொன்னார். கட்டுப்பாட்டு அறை "ஓகே" என்றது. தொடர்ந்து, காத்திருக்கும்படியும் சொன்னது. அதே நொடியில் பான் ஆம் விமானத்திலிருந்தும் குரல் வந்ததால், கே.எல்.எம். விமானி அறையில் அந்தப் பகுதி தெளிவாகக் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சொற்கள் இறுக்கப்பட்டன. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது வழக்கமானது. முக்கியமான அறிவுறுத்தலுக்கு "ஓகே" போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் வலுப்பட்டது.

இந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஒப்புக்கொள்கிறவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும்: "வெள்ளி 10 மணிக்குள் ஐந்து புகார் வகைகள், ஒரே பக்கம், தீர்வு வேண்டாம். செய்துவிடுகிறேன்." அவராகச் சொல்லவில்லை என்றால், "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன், உங்களுக்கு எப்படிப் புரிந்தது?" என்று கேளுங்கள். சோதிப்பது போல இருக்கக் கூடாது. உங்கள் விளக்கத்தில் குறை இருக்கலாம் என்ற எண்ணத்தோடு கேட்டால், அது எதிரில் இருப்பவருக்கும் தெரியும்.

படி 5: "செய்கிறேன்" என்று சொல்வதற்கு முன் (இது கேட்கப்படுகிறவருக்கு)

நல்ல மனது உள்ளவர்கள்தான் அதிகம் வாக்குத் தவறுகிறார்கள் என்பது நான் பார்த்த அனுபவம். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல் ஒப்புக்கொண்டு, பிறகு முதுகு உடைய வேலை செய்தும் முடிக்க முடியாமல் நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் படியை எழுதுகிறேன்.

நேரக் கணிப்பில் நாம் எல்லோருமே தவறுகிறோம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதற்கு 'திட்டமிடல் பிழை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள். ஆனது 55.5 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் 10 பேரில் மூவர்தான்.

அதனால் "இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று உங்களையே கேட்காதீர்கள். "இதே மாதிரி வேலைக்குப் போன முறை எவ்வளவு ஆனது?" என்று கேளுங்கள். பிறகு காலண்டரைத் திறந்து, அந்த மணிநேரங்கள் எந்த நாளில் உட்காரும் என்று பாருங்கள். இடம் இல்லை என்றால் அந்த வாக்கைக் கொடுக்க உங்களால் முடியாது. அவ்வளவுதான்.

மறுப்பது எப்படி? கேட்டவரை மதித்து, சுருக்கமாக, நீண்ட சாக்கு இல்லாமல். "இந்த வாரம் என்னால் எடுக்க முடியாது. அடுத்த செவ்வாய் என்றால் முடியும், உங்களுக்கு உதவுமா?" மேலதிகாரியிடம் என்றால், முடிவை அவர் கையில் கொடுங்கள்: "மேடம், இதைச் செய்கிறேன். இப்போது கையில் ஏ, பி என்று இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டும் வெள்ளிக்குள். இதையும் எடுத்தால் எதைத் தள்ளி வைக்கலாம்?" இது மறுப்பு இல்லை. ஒரு நாளில் எவ்வளவு வேலை அடங்கும் என்பதை அவருக்குக் காட்டுவது. இந்தக் கேள்வியை வெறுக்கும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள், தெரியும். அங்கேகூட, கெடு தவறிய பிறகு விளக்கம் கொடுப்பதைவிட இதை முன்னால் கேட்பது மேல்.

படி 6: எழுதி வையுங்கள்

பேசி முடித்த ஐந்து நிமிடத்தில் இரண்டு வரி அனுப்பினால் போதும்: யார், என்ன, எப்போது. "எழுத்தில் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களே" என்ற கூச்சம் வரும். "நான் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்" என்று தொடங்கினால் அது போய்விடும்.

நீங்கள் கொடுத்த வாக்குகளுக்கு ஒரு பட்டியல், உங்களுக்கு மற்றவர்கள் கொடுத்தவற்றுக்கு இன்னொரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டையும் ஒருமுறை பாருங்கள். வேலையைக் கேட்டவரிடமே "மறந்துட்டா ஞாபகப்படுத்துங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உங்கள் வாக்கைச் சுமக்கும் வேலையையும் அவரிடமே கொடுக்கிறீர்கள்.

எப்போது உட்காரப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள், "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே இணைத்து வைத்தவர்கள் தங்கள் எண்ணத்தை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று காட்டின. "வியாழன் மதிய இடைவேளை முடிந்ததும் புகார் பட்டியலைத் திறப்பேன்" என்பது அப்படி ஓர் இணைப்பு.

படி 7: தவறப் போகிறது என்று தெரிந்த அன்றே சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வாக்கையும் யாராலும் காப்பாற்ற முடியாது. உடம்பு சரியில்லாமல் போகும், தரவு வராது, நினைத்ததைவிட வேலை பெரிதாக இருக்கும். அதற்காக யாரும் உங்களை வெறுக்க மாட்டார்கள். கெடு முடிந்த பிறகு, வேலையைக் கேட்டவர் தானே வந்து விசாரித்துத் தெரிந்துகொள்ளும்போதுதான் மனம் கசக்கிறது. காரணம் எளிது. செவ்வாய்க்கிழமை தெரிந்திருந்தால் வேறு ஆளை வைத்திருப்பார், கூட்டத்தைத் தள்ளியிருப்பார், வாடிக்கையாளரிடம் முன்பே பேசியிருப்பார். வெள்ளிக்கிழமை மாலை அந்த வழிகள் எல்லாம் மூடியிருக்கும். உங்கள் மௌனம் அவரிடமிருந்து அந்த மூன்று நாளை எடுத்துவிட்டது.

ஏன் சொல்லாமல் இருக்கிறோம்? "எப்படியாவது முடிச்சிடலாம்" என்ற நம்பிக்கை ஒன்று. (அந்த "-லாம்" இங்கேயும் வருகிறது, பாருங்கள்.) வெட்கம் இன்னொன்று. நானும் அந்த வெட்கத்தில் நாட்களைக் கடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கடினமாகிக்கொண்டே போனது. அதனால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: கொடுத்த நேரத்தில் பாதி போனதும் நின்று பார்ப்பேன். பாதி வேலை முடியவில்லை என்றால் அன்றே சொல்லிவிடுவேன்.

சொல்லும்போது இவை இருக்கட்டும். என்ன ஒப்புக்கொண்டேன், இப்போது நிலைமை என்ன, என்னால் எதை எப்போது தர முடியும், அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு? உதாரணமாக: "வெள்ளி 10 மணிக்குப் புகார் சுருக்கம் தருவதாகச் சொன்னேன். மூன்று மாதத்தில் இரண்டு மாதத் தரவுதான் கிடைத்திருக்கிறது. வெள்ளி அன்று அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் தர முடியும், அல்லது முழுவதையும் திங்கள் 10 மணிக்குத் தர முடியும். உங்கள் கூட்டத்துக்கு எது உதவும்? முன்பே தரவைச் சரிபார்க்காதது என் தவறு, மன்னிக்கவும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், நீட்டவும் செய்யாதீர்கள். மன்னிப்பு நீண்டால், எதிரில் இருப்பவர் தன் பிரச்சினையை விட்டுவிட்டு உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவார்.

புதிதாகக் கொடுக்கும் நேரம் உண்மையில் முடிகிற நேரமாக இருக்கட்டும். பதற்றத்தில் "நாளைக்கே" என்று சொல்லி, அதையும் தவறவிட்டால் மீள்வது கஷ்டம்.

கேட்டவர் பக்கத்திலும் இதே கடமை உண்டு. தேவை மாறிவிட்டால் உடனே சொல்லுங்கள். கூட்டம் ரத்தானது தெரிந்தும் சொல்லாமல் விட்டதால், இரவு முழுக்க உட்கார்ந்து அறிக்கை முடித்த ஒருவரின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

படி 8: முடிந்ததைச் சொல்லுங்கள், பெற்றதை ஏற்றுக்கொள்ளுங்கள்

வேலையிடத்தைக் கோரிக்கைகளும் வாக்குகளும் பின்னிய வலையாகப் பார்க்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஃபெர்னாண்டோ ஃப்ளோரெஸ். சிலியில் அதிபர் அயெந்தேயின் அரசில் அமைச்சராக இருந்தவர். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மூன்று ஆண்டு சிறையில் இருந்து, பின்னர் அமெரிக்கா சென்று ஆய்வு செய்தார். கணினி அறிஞர் டெர்ரி வினோகிராடோடு சேர்ந்து அவர் வரைந்த சுழற்சியில் நான்கு கட்டங்கள் உண்டு: கேட்பது, ஒப்புக்கொள்வது, முடித்துவிட்டேன் என்று அறிவிப்பது, திருப்தி என்று கேட்டவர் அறிவிப்பது. கடைசி இரண்டையும் நாம் பெரும்பாலும் செய்வதே இல்லை. ஃபைலை ஃபோல்டரில் போட்டுவிட்டு, கேட்டவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுகிறோம். அவர் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் தானே திருத்திக்கொள்கிறார். அடுத்த முறையும் அதே குறையோடு வரும்.

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்தபோது தொலைந்தது. ஒரு மென்பொருள் உந்துவிசைத் தரவை பவுண்டு அளவில் கொடுத்தது, அதைப் பெற்ற குழு நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக் அளவில் தர வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியே இருந்தது. ஒப்பந்தம் இருந்தது. வந்ததை அதோடு வைத்துச் சரிபார்ப்பது நடக்கவில்லை.

முடித்தவர் ஒரு வரி எழுதட்டும்: "புகார் சுருக்கம் இணைத்திருக்கிறேன். ஐந்து வகைகள், ஒரே பக்கம். மார்ச் மாதத் தரவில் 12 பதிவுகள் விடுபட்டிருக்கின்றன." பெற்றவர் ஒரே நாளுக்குள் பார்த்து, "கிடைத்தது, கேட்டபடி இருக்கிறது, நன்றி" என்றோ, "நான்காவது வகையைப் பிரித்துத் தர வேண்டும்" என்றோ சொல்லட்டும். நன்றி சொல்வதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் செய்தவர் அந்த வேலையை மனதிலிருந்து இறக்கி வைக்கிறார்.

படி 9: ஒப்புக்கொண்டவர் தவறினால்

மூன்று வாரம் மனதுக்குள் புழுங்கிவிட்டு ஒரு நாள் வெடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதற்குப் பதிலாக, முதல் முறையே, அடுத்த நாளே, தனியாகப் பேசுங்கள். குணத்தைப் பற்றிப் பேச வேண்டாம், நடந்ததைப் பேசுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்றால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். "வெள்ளி 10 மணிக்குத் தருவதாக நாம் பேசியிருந்தோம். வரவில்லை. என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். சில சமயம் தவறு உங்கள் கோரிக்கையிலேயே இருக்கும். அப்படி இருந்தால் அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கு என்ன பாதிப்பு ஆனது என்று சொல்லி, புதிதாக ஒரு தேதியைப் பேசி முடிவு செய்யுங்கள்.

அதே ஆள் மூன்றாவது முறையும் தவறினால், அந்த அறிக்கையைப் பற்றி மறுபடி பேசிப் பயனில்லை. "இந்த மாதத்தில் மூன்று முறை சொன்ன நாளில் வரவில்லை, முன்கூட்டியே தகவலும் வரவில்லை. இதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்" என்று வேறு உரையாடலைத் தொடங்குங்கள். வேலை அதிகமா, வேலை தெரியவில்லையா, உங்களிடம் "முடியாது" என்று சொல்லப் பயமா என்று கேளுங்கள். மூன்றாவது காரணம்தான் என்றால், மாற வேண்டியவர் நீங்கள். வேறு காரணம் என்றால், சில வாரங்களுக்குப் பெரிய வாக்குகளைக் கேட்காமல், ஒன்றிரண்டு நாளில் முடிகிற சின்ன வேலைகளாகக் கேளுங்கள். ஒவ்வொன்றும் சொன்ன நேரத்தில் வந்தால், அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால், அந்த வேலையை வேறொருவரிடம் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஏன் என்பதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் மூலமாக அவருக்குத் தெரியவரக் கூடாது.